முப்பத்தொரு அடி

படகு முப்பத்தொரு அடி என்று எழுதியிருந்தாள் மார்கிட்.
மூக்கில் நீட்டியிருக்கும் மரத்தையும் சேர்த்தா
என்று திருப்பிக் கேட்டேன்.
இரண்டு நாள் கழித்து, அந்தமானுக்குக் கீழே எங்கிருந்தோ:
சேர்த்தால் முப்பத்து நாலரை.
தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

சதாம் வீதி, மூன்றாம் மாடி.
கடதாசி பறக்காமலிருக்க ஸ்டேப்ளரை வைத்து
கட்டம் கீறுகிறேன்.
ஒரு நிரலில் கொழும்பு. அடுத்ததில் காலி.
அதற்கப்பால் திருகோணமலை.
ஓரத்தில் பென்சிலால், அவளே விசாரித்து அனுப்பிய
மாலைதீவு.

கொழும்பில் இரவுக்கு மலிவு.
ஆனால் உள்ளே கூட்டிவருபவருக்குத் தனி,
கயிறு பிடிப்பவனுக்குத் தனி,
குப்பைக்குத் தனி,
இந்தக் கட்டத்தைக் கீறும் எங்களுக்கும் தனி.
கொள்கலன் கப்பலுக்கு எழுதிய விதி.
பெரியப்பாவின் சட்டைக்குள்
பிள்ளையை நிறுத்தியதுபோல் நிற்கும் அவள் படகு.
காலியில் மாதக் கணக்கு:
ஒரு கிழமை நின்றாலும் மாதம் மாதம்தான்.
திருகோணமலையில் இடம் கிடக்கிறது,
கட்டத்தான் ஒன்றுமில்லை.
அடிக்குறிப்பில் எழுதினேன்:
சோளகம் எழும்பினால் மேற்குக் கரை உதறும்,
வாடையில் கிழக்கு.
இதற்கு எந்த நிரலிலும் விலை போடத் தெரியவில்லை.

கட்டாமல், வெளியே நங்கூரம் போட்டு நின்றால்?
அடுத்த கேள்வி.
ஜெபரத்தினம் சேரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.
"மிதக்கிறதுக்கு ஒருத்தரும் காசு கேளார், பிள்ளை.
நின்றால்தான் கேட்பினம்."
இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு ருசி.
பிறகு, அதற்கும் ஒரு படிவம் உண்டு என்றார்,
மூன்று பிரதிகள்.

அன்றிரவு ஜம்பட்டா வீதியில்
என் அறையையும் அடிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன்.
படகுக்கு நீளம் மட்டும்தானே, அகலத்தை விட்டுவிட்டேன்.
பத்தடி.
மிஸிஸ் பெர்னாண்டோபுள்ளே வாங்கும் வாடகையை
முப்பதால் பிரித்து, பத்தால் பிரித்து,
பிழை என்று நினைத்து
திரும்பவும் பிரித்தேன்.
தேநீர்க் கேத்தலுக்கு மாதம் இருநூறு.
தங்கை வந்து படுத்தால் இரவுக்கு ஐந்நூறு.
மின்விசிறிக்குத் தனி மீட்டர்.
மார்கிட்டுக்குக் காற்று சும்மா கிடைக்கிறது,
அதுவும் அவளை இழுத்துக்கொண்டே போகிறது.

வெளியே ஒன்றரை அடி துருத்திக்கொண்டிருக்கும் சீமெந்து,
இரண்டு சட்டை காயும், மூன்றாவது அடுத்த வீட்டுக்காரருக்கு.
முதல் நாளே மிஸிஸ் சொன்னா:
"பல்கனி வெச்ச ரூம், தெரியும்தானே."
சேர்த்துத்தான் கொடுக்கிறேன்
நாலு வருடமாக.

காலையில் படிவத்தில் முப்பத்தொன்று என்று நிரப்பினேன்.
அடித்து எழுதவில்லை. கை நடுங்கவும் இல்லை.

அவள் வந்தது ஒரு செவ்வாய், மழை விட்ட பின்.
எழுபது வயதிருக்கும், முழங்காலில் பிளாஸ்டர்.
அளக்க வந்த பியதிஸ்ஸ
நாடாவை மரத்தின் நுனியில் பிடித்தான்.
"அங்கிருந்தில்லை" என்றேன், "உடம்பிலிருந்து."
என்னைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான்.
அதில் காயப் போட்டிருந்த இரண்டு காலுறைகளைப் பார்த்தான்.
நாடா மூன்றரை அடி பின்வாங்கியது.

உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி தந்தாள்.
நான் எழும்பினால் தலை இடிக்கும்.
கேத்தல் ஒரு கொக்கியில் ஆடிக்கொண்டே கொதித்தது.
அடுப்பு, கட்டில், வரைபடம், உப்புப் பிடித்த ஒரு வானொலி,
எல்லாம் எட்டும் தூரத்தில்.
சின்னது, இல்லையா என்றாள்.
என் அறை பத்தடி என்றேன்.

நீட்டியிருப்பதைச் சேர்த்தா, சேர்க்காமலா?

கயிறு ஒருதரம் இறுகித் தளர்ந்தது.
நான் வாயைத் திறக்க முன்
பியதிஸ்ஸ மேலிருந்து குனிந்து
ஈரக் கடதாசியை நீட்டினான்,
கையொப்பத்துக்கு.