உடனடி

மேசை லாச்சியில் அரக்குக் கட்டி ஒன்று,
மெழுகுதிரித் துண்டு, சணல் நூல், பித்தளை முத்திரை.
பங்குனி வெயிலில் தானாக இளகி
மார்கழியில் தானாக இறுகி
அரக்குக்கு இது மூன்றாவது வருடம்.

முன்பெல்லாம் ஒரு பூட்டும் என் கையெழுத்தும் போதும்.
கணக்கு இடிக்கிற களஞ்சியத்தை
அன்றைக்கே மூடிவிடுவேன்.
பிறகு சட்டத்துக்குள் ஒரு சொல் வந்தது.
'ஆபத்து' என்றிருந்த இடத்தில்
'உடனடி ஆபத்து'.
யார் கொண்டுவந்து வைத்தார்களோ தெரியாது.
கை தூக்கியவர்களுக்கும் தெரிந்திராது;
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நிறைவேறிய திருத்தம்.

இப்போது கடிதம் எழுதுகிறேன்:
பதினான்கு நாட்களுக்குள்
தங்கள் விளக்கத்தைச் சமர்ப்பிக்கவும்.
விளக்கம் வரும், தடித்த தாளில், சட்டத்தரணியின் பெயரோடு.
அதற்குள் லொறி மாங்குளத்தில் திரும்பி
ஒட்டுசுட்டானும் தாண்டியிருக்கும்.

ஒரு மாதத்தில் நாற்பத்தோராயிரம் குளிசை,
ஒரே பார்மசிக்கு.
அந்த ஊரின் சனம்
ஆடு மாட்டையும் சேர்த்து எண்ணினால் ஆறாயிரம் வரும்.
விநியோகத்தர் சிரித்தார்:
"நோவுள்ள சனம், மிஸ்."

நோவுள்ள சனம்தான். அதில் பொய்யில்லை.
பேரின்பநாயகத்தின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில்
கடுகளவு இரும்பு இரண்டு இன்னும் கிடக்கிறது.
கிளினிக் நாளில், துண்டோடு வந்து,
எண்ணி வாங்கிப்போகிறார்.
தர்மிகனுக்கு ஒரு நோவும் இல்லை. பத்தொன்பது வயது.
ஐந்தைந்தாய்ச் சோடாவில் கரைத்தவன்
இரணைமடு வாய்க்கால் கட்டில் கிடந்தான்,
மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், செருப்புக் கழற்றாமல்.
அவனுடைய சாவு உடனடி அல்ல.
எட்டு மாதம் எடுத்தது.
ஆகவே சட்டத்துக்குள் வராது.

இன்று கொழும்பிலிருந்து மின்னஞ்சல்.
அந்தச் சொல்லை எடுப்பதற்கு ஒரு சட்டமூலம்;
குழுநிலைக்கு முன் கள அலுவலரின் கருத்து வேண்டும்,
இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள்.

எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது.
கதவைத் திற என்று சொல்லும் அதிகாரத்தை
இந்த மண்ணிலிருந்தா கேட்பது?
ஓமந்தையில் என் புத்தகப்பையைக் கொட்டியவர்களிடமும்
அதிகாரம் இருந்தது.
கொம்பாஸ் பெட்டியிலிருந்த கவராயத்தை
வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு
ஒருவன் தானே வைத்துக்கொண்டான்.
அவனை எந்தச் சொல்லும் மறிக்கவில்லை.
அந்தத் தவணை முழுக்க
போத்தல் மூடியால் வட்டம் கீறினேன்.

ஆனாலும் எழுதுகிறேன்.
'உடனடி'யை எடுங்கள்.
எடுத்த கையோடு இதையும் சேருங்கள்:
பூட்டுகிற அன்றே காரணத்தை எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும்.
மூன்றாம் நாள் நீதவான் முன் நான் நிற்க வேண்டும்.
பூட்டிய களஞ்சியத்திலும்
ஆஸ்பத்திரிக்குரிய பெட்டி தடைப்படக்கூடாது.
அந்த வரியை எழுதும்போது
பேரின்பநாயகம் கதிரையில் பக்கவாட்டாய் இருப்பது
ஞாபகம் வந்தது.
மூன்றாம் பக்கத்தில் நாலு வரி வழிந்துவிட்டது.
எழுத்தைச் சிறிதாக்கி உள்ளே தள்ளினேன்.

பதில் ஒரு வரி.
கிடைத்தது, நன்றி, இரண்டாம் வாசிப்பின் திகதி பின்னர்.

எட்டரைக்கு ஏ9 வீதியில் ஒரு லொறி,
தார்ப்பாய் இறுக்கிக் கட்டி, வடக்கே போகிறது.
உள்ளே வெங்காயமாகவும் இருக்கலாம்.
இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன்.

கந்தோரில் ஆளில்லை. மெழுகுதிரியைக் கொளுத்தி
அரக்கை ஒருதரம் காட்டிப் பார்த்தேன்.
உருகுகிறது.
மணமும் பழையதுதான்.
மேசையில் சொட்டிய துளியைச் சுரண்ட
நகம் போதவில்லை.