மூன்றாம் சிலிண்டர்

மீற்றரில் அறுபத்தோராயிரம்.
அதற்கு ஐந்து இலக்கம்தான் எண்ணத் தெரியும்.
எத்தனை தரம் நிரம்பிப் பூச்சியத்துக்குப் போனதோ
விற்ற மனுசனுக்கும் தெரியாது.
நுகேகொடையில் திறப்பைத் தரும்போது
"சத்தம் மட்டும் கொஞ்சம்" என்றார்.

பின்னால் நாலே நாலு போல்ட்.
எஞ்சின் ஜக்கில் இறங்கியபோது இரவு பதினொன்று.
வெள்ளவத்தை ஒழுங்கையில்
மேல்வீட்டு யன்னல் ஒன்று திறந்து மூடியது.

மற்ற எஞ்சின்களில் பிஸ்டன்கள் நின்று வேலைசெய்யும்.
இதில் படுத்துக்கிடக்கின்றன,
கோபித்துக்கொண்டு முதுகோடு முதுகாய்ப் படுத்தவர்கள் மாதிரி,
ஆளுக்கொரு சுவரை உதைத்தபடி.
அந்த உதையில்தான் வண்டி ஓடுகிறது.

மூன்றாவதுதான் முதலில் சாகும்.
எண்ணெய் ஆறும் பெட்டி குறுக்கே நின்று
அதற்கு வரும் காற்றை மறித்துக்கொள்ளும்.
வால்வைக் கழற்றினேன்:
விளிம்பு, கடித்த நகம்.
எறிய மனம் வரவில்லை.
கந்தோர்க் கணக்குத் தாள்களின் மேல் பாரமாய் வைத்தேன்.

கழுவிய இரும்பு இங்கே ஓரிரவு தாங்காது.
கடல் மூன்று வீடு தள்ளி.
ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி
பாண் வந்த பைகளில் கட்டி
பேனாவால் பெயர் எழுதினேன்.
ஒரு பையில் "தெரியாது" என்று எழுதியிருக்கிறேன்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் நானா கேட்டார்:
"யாரு மிஸ் வேல செய்ற? பாஸ்கிட்ட அளவக் கேட்டுட்டு வாங்க."
"பாஸ் நான்தான்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பேரிங் பெட்டிக்கு ஐந்நூறு குறைத்துச் சொன்னார்,
அல்லது எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்.

மாத்தறை ரயில் போனால் மேசை நடுங்கும்.
அளவுமானியின் முள் ரயிலையும் சேர்த்து அளக்கும்.
அது தெகிவளைப் பக்கம் தேயும்வரை மூச்சைப் பிடித்திருந்து
மயிரிலும் மெல்லிய இடைவெளி ஒன்றை
கொப்பியில் எழுதினேன்.

கிராங்குச் சில்லின் பல்லில் இரண்டு புள்ளி,
காம் சில்லில் ஒன்று.
ஒன்று இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கவேண்டும்.
இதை மட்டும் மூன்று நாள் கனவில் கண்டேன்.

இரண்டு பாதிகளையும் மூடினேன். முறுக்கினேன்.
கிராங்கைத் திருப்பினேன்.
திரும்பவில்லை.

மிளகளவு முளை. அதன்மேல் ஒரு பேரிங்
ஒழுங்காய் உட்காரவில்லை, அவ்வளவுதான்.
முதுகில் பல் பதிந்திருந்தது.
அன்று தரையில் குந்தியிருந்து
கழற்றிச் சாய்த்த நம்பர் தகட்டைப் பார்த்தேன்.
இரண்டு இலக்கங்களுக்கு நடுவே ஸ்ரீ.
அந்த ஓர் எழுத்தின்மேல் ஒரு காலத்தில் தார் பூசினார்கள்;
அதற்காக அடிபட்டார்கள்.
என் கையில் இருந்தது வெறும் எண்ணெய்க் கறுப்பு,
சவர்க்காரத்துக்குப் போகிற கறுப்பு.

நிஸ்தார் நானா ஒன்றும் கேட்கவில்லை.
அதே பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.
இம்முறை ஐந்நூறு குறையவில்லை.

ஞாயிறு காலை சாவியைத் திருப்ப
காபுரேற்றர் வழியாய்த் தும்மியது, நெருப்போடு.
டிஸ்ட்ரிபியூட்டரைத் தலைகீழாய்ப் பூட்டியிருக்கிறேன்.
மாற்றினேன்.
பிடித்தது.

இருபது நிமிடம் வேகம் குறையவிடாதே என்கிறது கைந்நூல்.
ஒழுங்கை முழுக்கப் புகை.
மேல்வீட்டு ஹெட்டியாராச்சி சாரத்தோடு இறங்கி வந்து
ஏதோ கத்தினார்.
கேட்கவில்லை.
மணிக்கூட்டைக் காட்டினேன்: இன்னும் பதினொரு நிமிடம்.
திரும்பவும் கத்தினார். சிரித்தேன்.
போகவில்லை மனுசன்.
காதைப் பொத்திக்கொண்டு, குனிந்து,
நானும் பார்க்காத இடங்களை எல்லாம் பார்த்தார்.

அணைத்தேன்.
ஆறும் உலோகம் டிக், டிக் என்றது.
அவர் கையை எடுத்துவிட்டு, மெல்ல,
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
"எண்ணெய் போறது."

முழங்காலில் இருந்து எட்டிப் பார்த்தேன்.
மூன்றாவதின் பக்கம்,
தள்ளுதண்டுக் குழாயின் அடியில்,
தங்க நிறத்தில் ஒன்று திரண்டுகொண்டிருந்தது.
விழுந்தது.
இருவரும் அடுத்ததற்காகக்
காத்திருந்தோம்.