மூன்றரையால் பெருக்கு

மூன்றரையால் பெருக்கிக்கொண்டே வருகிறார் அப்பா.
இளநீர். மெட்ரோ டிக்கெட்.
தி.நகரில் அம்மா தொட்டுப் பார்த்து
மடித்து வைத்துவிட்ட கத்தரிப்பூச் சேலை.
பெருக்கி முடிய ஒரு "ம்".
என் செமஸ்டர் ஃபீஸுக்கும்
போனில் இதே "ம்" தான் கேட்டது.

மூன்று வருஷமாய் இவர்களுக்கு
ஒரு சென்னையை அளந்துவிட்டிருக்கிறேன்.
அதில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும்
"வீடு போயிடுச்சும்மா" என்ற
கேட்டுகள் இல்லை.
இன்றைக்கு அந்தத் தெருக்களைத் தவிர்த்து
வேறு வழியால் கூட்டிப்போகிறேன்,
நிழல் கூட என்று சொல்லி.

மெரினாவில் கஜீபன் கேட்டான்:
"மணலே முடியேல்லை, கடல் எங்க?"
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
திருகோணமலையில் கடல்
கைமாற்றுக் கேட்க வந்த அயலவர் போல
படலையடியிலேயே நிற்கும்.

திரும்பும்போது ஆட்டோக்காரர்
அப்பாவிடம் கேட்டார், "கேரளாவா சார்?"
அப்பா வாய் திறக்குமுன் நான் முந்தினேன்:
"அண்ணா, அசோக் பில்லர், எரநூறு.
டெய்லி போற ரூட்டுண்ணா,
சும்மா ஏத்திச் சொல்லாதீங்க."

ராயப்பேட்டை தாண்டியும்
ஒருவரும் கதைக்கவில்லை.
இருநூறை அப்பா பெருக்கவேயில்லை.
அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா,
முன்பொருநாள்
விழுந்த பாற்பல்லைத் தேடியது போல.

பிறகு, மெல்ல:
"உதை எப்ப பழகினனி, பிள்ளை?"

தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து.
எந்தத் தமிழில்
பதில் சொல்ல?