முள் ஒன்றரைக்கு வரும்வரை

அருமனையில் காலை ஏழு நாற்பதுக்குப்
பள்ளிக்கூட வேன் கேட்டுக்கு முன்னால் நின்று
இரண்டு தடவை ஹாரன் அடித்தது.
டிரைவர் ஸ்டான்லிக்குப் பழக்கம்.
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு
"மறந்துட்டேன் அண்ணே" என்று
கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.
நானும்தான் மறந்திருந்தேன்.
என் கையில் ஒற்றைச் சாக்ஸ்.

பெல்சியும் பிள்ளைகளும் அயர்லாந்து போய் ஆறு நாள்.
திருவனந்தபுரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
ரெபின் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனான்.
ஐந்து வயதுக்கு அது பெரிய பெட்டி.

எனக்கு விசா வரவில்லை.
சபைப் பதிவேட்டில் வில்பிரட் ஒரு மாதிரி,
பாஸ்போர்ட்டில் வில்பிரட் இன்னொரு மாதிரி.
ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடறிக் கிடக்கிறது.
பெஞ்சாதி பேர் சரி, பிள்ளைகள் பேர் சரி,
நான்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

அவள் சொல்லச் சொல்ல அந்த ஊருக்கு
நான் இங்கிருந்து வயர் இழுக்கிறேன்.
நாலரை மணிக்கே இருட்டாம்.
முதல் நாள் பள்ளி விட்டு வந்தவன்
"அம்மா, சாயங்காலம் எங்க?" என்று கேட்டிருக்கிறான்.
அக்சா டிபனைத் திறக்கவே இல்லை.
புட்டுகூட இல்லை, வெறும் ரொட்டிதான்,
ஆனாலும் பக்கத்துப் பெண் அவள் கையையே பார்த்தாளாம்.
அங்கே இடித்தவனும் சாரி சொல்லணும், இடிபட்டவனும் சொல்லணும்.
"எண்ணிப் பார்த்தேன்ப்பா, இன்னைக்குப் பதினேழு."

ரெபின் கற்றது ஒரே ஒரு வாக்கியம்,
கழிப்பறைக்குப் போகணும் என்பது.
போக வேண்டாத நேரத்திலும்
அதையே சொல்லி எழுந்து போகிறானாம்.
சொன்னதும் பலிக்கிற வாக்கியம் ஒன்று
கைவசம் இருப்பது சின்ன விஷயமா?

பெல்சி இதையெல்லாம் சிரித்துத்தான் சொல்வாள்.
அழுவது குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.
எத்தனை வீட்டு மோட்டாருக்குக் காது கொடுத்தவன் நான்,
தண்ணீர் எதற்காக ஓடுகிறது என்று தெரியாதா.

நேற்று ராத்திரி பத்தரை.
ரப்பர் இலை உதிர்ந்து ஓட்டின்மேல் சரசரத்தது.
போன் வந்தது. வீடு குளிர்ந்துவிட்டதாம்,
சுவரில் இருக்கிற வெள்ளைப் பெட்டி
சிவப்பாய்க் கண் சிமிட்டுகிறதாம்,
வீட்டுக்காரன் போனை எடுக்கவில்லையாம்.

"ஏட்டி, பதறாத. பெட்டிக்கு அடியில காட்டு."

பெல்சி ஸ்டூலில் ஏறினாள். அக்சா கையில் டார்ச்.
ரெபின்தான் போனைப் பிடித்தான்,
அதனால் பாதி நேரம்
அவன் மூக்குத் துவாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மாதிரிப் பெட்டியை நான் கண்டதில்லை.
ஆனால் குழாய் குழாய்தான்,
அழுத்தம் குறைந்தால் எந்த நாட்டிலும்
முள் கீழேதான் இறங்கும்.

"வெள்ளிக் கம்பி பின்னின குழல் தெரியுதா?
அதுக்க ரெண்டு பக்கமும் திருகு இருக்கும்.
மெல்ல, மெல்ல. அக்சா, முள்ளைப் பாத்துச் சொல்லு மக்ளே."

சீறல் கேட்டது.
அரை, என்றாள். முக்கால். ஒன்று.
ஒன்றில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தது.
"ஒன்றரை வந்ததும் அடைச்சிரு, கூடப் போவாண்டாம்."
அடைத்தாள். பெட்டி ஒருதரம் உறுமியது.
மூன்று பேரும் கத்தினார்கள்.
ஆறு நாளில் அந்த வீட்டுக்குள்
முதல்முறையாக அவ்வளவு சத்தமாகத் தமிழ்.

பிறகு சுவரோர இரும்புச் சட்டத்தில்
உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார்கள்.
இங்கே நானும்.
"அப்பா, சூடு வருது, தொட்டுப் பாருங்க" என்று
ரெபின் போனைக் கொண்டுபோய் இரும்பில் சாய்த்தான்.
என் திரை கறுத்துப்போனது.
இருட்டுக்குள் பாத்திரச் சத்தம்,
யார் ஷூ எங்கே என்கிற சண்டை,
அக்சா எதற்கோ சாரி சொல்ல
"தம்பிக்கிட்ட எதுக்குட்டி சாரி" என்று பெல்சி.
யாரும் போனை எடுக்கவில்லை.
நான் கட் பண்ணவும் இல்லை.

என் உள்ளங்கை சூடாக இருந்தது.
முக்கால் மணி நேரம் பேசினால் பேட்டரி சூடாகும்.
அதுகூடத் தெரியாத எலக்ட்ரீஷியனா நான்.