மே பதினொன்று, நாற்பது விநாடி

காலை ஆறு பத்து.
டயர் கடை விளம்பரத்துக்கும் வானிலைக்கும் நடுவே
எனக்கு நாற்பது விநாடி.
"மினசோட்டா வரலாற்றில் இன்று."
செருமலை விழுங்கிவிட்டுத் தொடங்குகிறேன்:
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டு,
நாம் மாநிலம் ஆன நாள்.

அன்று இங்கே யாருக்கும் அது தெரியாது.
வாஷிங்டனில் மை காய்ந்துவிட்டது.
தந்திக் கம்பியோ
தெற்கே விஸ்கான்சின் கரையோடு நின்றுபோயிருந்தது.
மிச்ச தூரத்துக்கு நீராவிப் படகு,
ஆற்றை எதிர்த்து.
செய்தி வந்து சேர இரண்டு நாள்.

எனக்குப் பிடித்தது அந்த இரண்டு நாள்தான்.
சாந்து பூசுகிறவன்
இல்லாமல் போன பிரதேசத்தின் சுவருக்கே பூசிக்கொண்டிருந்தான்.
ஒருத்தி படகுத் துறையில் கோழிக்குப் பேரம் பேசினாள்.
அன்று பிறந்த பிள்ளைக்கு
ஊரை எப்படி எழுதினார்கள்?
வானம் கலந்த தண்ணீர் என்று
டகோட்டா மக்கள் வைத்த பெயரையே எடுத்துக்கொண்டு
அவர்களிடம் யார் போய்ச் சொன்னார்கள்,
எந்த மொழியில்?
என் குறிப்பில் இல்லை.

இதுவும் இல்லை:
இன்னொரு மே பதினொன்று, நான் ஏழாம் வகுப்பு.
கிளீவ்லாந்தில் ஒரு நீள மேசை.
எங்கள் இரும்புச் சுரங்கத்தை மூடிவிடலாம் என்று
கைகள் உயர்ந்தன.
பன்னிரண்டாம் தேதி
அப்பா உர்ஹோ சல்மேலா இரண்டு ஷிப்ட் பார்த்தார்.
சாயங்காலம் லாரியிலிருந்து இறங்கியது
தவணைக்கு எடுத்த பிரிட்ஜ், வெண்ணெய் நிறம்.
கதவைச் சாத்தினால் உள்விளக்கு அணைகிறதா என்று
அம்மா ஐலி
திறந்து மூடி, திறந்து மூடி,
கடைசியில் என் தம்பியை உள்ளே அனுப்பிப் பார்க்கலாமா என்றாள்.
அப்படிச் சிரித்தோம்.
பதிமூன்று, நோட்டீஸ்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று:
"அப்போ நேத்து நான் வெட்டினது எந்தக் கணக்குல?"
யாரும் பதில் சொல்லவில்லை.
பிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது,
பதினாறு தவணை பாக்கியோடு.

கண்ணாடிக்கு அப்பால் லைல் விரலைச் சுழற்றுகிறான்.
முடி.
"நாம் மாநிலம் ஆன நாள்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு
வானிலைக்குப் போகிறேன்:
வடக்கே சில ஏரிகளில் இன்னும் பனிக்கட்டி.
இன்றிரவு உறையலாம்.
தக்காளி நாற்றைச் சாக்குப் போட்டு மூடுங்கள்.
முன்கூட்டியே சொல்ல
என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.