ஆறாவது குறைபாடு

விடியற்காலை நாலே கால். காசிமேட்டு ஏலம் முடிந்து
இருபத்தெட்டுப் பெட்டி வஞ்சிரத்தோடு
வெளியே வந்த என் குட்டியானையை
ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக
ஓரங்கட்டச் சொன்னார் ஆய்வாளர் அம்மா.
சட்டைப் பட்டையில் பெயர்: தமயந்தி.

டார்ச்சோடு ஒரு சுற்று நடந்தார்.
அவர் சொல்ல, உதவியாளர் எழுதினான்.

ஒன்று, இடது பின்விளக்கு இல்லை.
இரண்டு, முன் டயர்கள் வழுக்கை.
மூன்று, தளத் தகடு உப்பில் அரித்து
சாலை தெரிகிறது
(அந்த ஓட்டை வழியே குனிந்து
தன் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்).
நான்கு, ஹாரன் தானாக அடிக்கிறது.
ஐந்து, கால் பிரேக் பிடிப்பதில்லை.

பிறகு சீட்டுக்கடியில் கிடந்த கருங்கல்லை எடுத்து
இது என்ன, என்றார்.

ஹேண்ட் பிரேக், மேடம்.

உதவியாளர் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.
எழுதுப்பா. ஆறு, கல் ஒன்று.

மேற்கண்ட குறைபாடுகள் களையப்பட்டு
மறு ஆணை வரும்வரை
இவ்வாகனத்தைப் பொதுச் சாலையில் இயக்குதல் கூடாது.
முன்கண்ணாடியில் ஒட்டினார்கள், பசை வழிய.
கல்லை அவரே முன்சக்கரத்துக்கு
அண்டக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

நானும் எல்லோரையும் போலக் கத்தினேன்.
மீன் கெட்டுடும் மேடம், டியூ இருக்கு மேடம்,
சிந்தாதிரிப்பேட்டையில ஆளுங்க காத்திருக்காங்க மேடம்.
கத்தினதெல்லாம் நிஜம்தான்.

ஆனால் ஐந்தாவதை அவர் சொன்னபோது
எனக்குள் ஒருவன் அப்பாடா என்று உட்கார்ந்தான்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்.
பிளாஸ்க்கோடு ஒரு ஆள் குறுக்கே வந்தான்.
ஒரு மிதி. இல்லை.
இரண்டாம் மிதி. இல்லை.
மூன்றாவதில்தான் பிடித்தது.
பம்பர் பிளாஸ்க்கைத் தொட்டது, அவனைத் தொடவில்லை.
அவன் திட்டக்கூட இல்லை.
பிளாஸ்க்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான்,
உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று.
அப்புறம் டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.
உள்ளே எந்த வார்டில் யார் படுத்திருந்தார்களோ.

ஜெசிந்தாவிடமும் நான் சொல்லவில்லை.
பிரேக் ஆயில் ஒரு டப்பா வாங்கி ஊற்றினேன்.
மறுநாளும் அதே வழியில்தான் போனேன்.

புதுப்பேட்டையில் கேட்டேன், முப்பத்தோராயிரம் என்றார்கள்.
வண்டி குடோன் சுவரோரம் நின்றது.
முதல் வாரம் பேட்டரி போயிற்று.
அடுத்து ஸ்டெப்னி. அடுத்து வலது பின்விளக்கு.
பின் டயர் இரண்டும் புதுசு,
ஆடி மாசம்தான் போட்டது, அதுவும்.
முன் டயர்களைத் தொடவே இல்லை.
எடுத்தவன் படித்தவன்.
நோட்டீஸை நின்று நிதானமாக வாசித்துவிட்டு
அதில் இல்லாததை மட்டும் கழற்றியிருக்கிறான்.

நேற்று போய்ப் பார்த்தேன்.
வெயிலில் மை வெளுத்து, தேதி போய்,
அம்மாவின் கையெழுத்து மட்டும் நிற்கிறது.
பின்பக்கம் தரையில் உட்கார்ந்த வண்டி
இனி எங்கேயும் உருளாது.
கல் அதன் இடத்தில் இருக்கிறது,
டூட்டி முடிந்தது தெரியாத வாட்ச்மேன் மாதிரி.

இப்போது அருளப்பன் வண்டியில் லோடுமேன் நான்.
இடது சீட்டு.
ஸ்டான்லி வாசல் வரும்போதெல்லாம்
என் வலது கால் வெறுந்தகட்டை
மூன்று முறை அழுத்துகிறது.

என்னண்ணே, தூக்கமா, என்றான் இன்று.

இல்லடா.
உன் வண்டியில கல் இருக்கா?

ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
சீட்டுக்கடியில் தட்டிக் காட்டினான்.
கல் இல்லாத வண்டி ஏதுண்ணே.