இறக்கத்துக்கான பல்

ஆ ஹொக் பட்டறைத் தரையில்
பழைய சீன நாளிதழ் விரித்து
இரண்டு ஜோடிப் பல்சக்கரம்.
மீன் வாங்க வந்தவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
குனிந்து பார்க்கிறேன்.

ஒன்று வண்டியோடு பிறந்தது. இரண்டே கால், சொச்சம்.
இன்னொன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து
எண்ணெய்த் தாளை இன்னும் முழுதாய்க் கழற்றாதது.
நாலே முக்காலுக்கு ஒரு முடி குறைவு.
விலை இரண்டாயிரத்து நானூறு வெள்ளி,
கூலி தனி, சீல் தனி,
அவன் குடிக்கும் கோப்பி ஓவும் என் கணக்கில்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
என் வண்டியில் பல் போனால்
குலை போகும், பேங்க் தவணை போகும்,
சொல் மட்டும் நிறைய வரும்.

சிலிம் ரிவரில் எல்லாருக்கும் இதில் ஒரு கருத்து.
கொழுந்தன் குணாளன் வேண்டாம் என்கிறான்:
"சேத்துல சக்கரம் சுத்தணும் அண்ணி,
சுத்தி மண்ணைத் துப்பணும்.
இவ்ளோ மெதுவுன்னா எருமையாட்டம் அங்கேயே படுத்துக்கும்."
ஜம்ரி, சனிக்கிழமைதோறும் ஆற்றில் வண்டியை இறக்கித்
தன்னையே படம் பிடித்துக்கொள்கிறவன்,
பாறைக்கு இதை விட்டால் வேறில்லை என்கிறான்.
பாறை என் வழியில் இல்லை.
இருப்பது செம்மண், வெட்டிப்போட்ட செம்பனை மட்டை,
மேல் பிளாக்கிலிருந்து இறங்கும்
முந்நூறு மீட்டர்.

ரசீதின் பின்பக்கம் பெருக்கினேன்.
முதல் கியரைக் கேஸால், வந்ததை டிஃப்ரன்ஷியலால்.
இப்போது முப்பத்தாறு:
எஞ்சின் முப்பத்தாறு தடவை சுற்றினால்
சக்கரம் ஒரு தடவை.
மாற்றினால் எழுபத்தைந்து.
அதில் இரண்டாவது கியர் போட்டால்
பழைய முதல் கியர் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருக்கிறது.
மூன்றாவதில் குணாளனின் சேறு.

"ஏத்தத்துக்கா?" என்றான் ஆ ஹொக்.
எல்லாரும் ஏறுவதைத்தான் கேட்கிறார்கள்.
ஏறும்போது வண்டி காலி.

நவம்பர் மழையில்
ஒன்றேகால் டன் குலையோடு இறங்கினேன்.
முதலில் கருகல் வாசம் வந்தது.
பிறகு பெடல் தரையைத் தொட்டது.
பிறகு ஒன்றுமில்லை, என் கால் இருந்தது, அவ்வளவுதான்.
ஒரு பனையைத் தேர்ந்து அதில் சாத்தினேன்.
பக்கத்தில் இருந்த ரொபியுல் கத்தவில்லை.
இறங்கி, சிதறிய பழத்தை உதிரி உதிரியாய்ச்
சாக்கில் பொறுக்கினான்.
மறுநாளிலிருந்து இறக்கத்தில் மட்டும் நடந்து வருகிறான்.
காரணம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

புதியதைக் காலால் தொட்டுக் காட்டி
"இதைப் போடு" என்றேன்.
கால் பட்டதற்கு உடனே தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்.
ஆ ஹொக் பார்க்காததுபோல் ஸ்பேனர் தேடினான்.

வியாழக்கிழமை, மேல் பிளாக்.
கீழ் வரிசை, முதல் கியர்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்துச்
செருப்பையும் கழற்றி ஓரம் வைத்தேன்.
வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியது.
மட்டைக் குவியல் ஒவ்வொன்றும்
கதவோரம் வந்து, நின்று,
விசாரித்துவிட்டுப் போவதுபோல் போனது.
கால்விரல்கள்தாம் பெடலைத் தேடித் தேடி மடங்கின.

ரொபியுல் என்னை முந்தி நடந்து,
கீழே போய்ச் சிகரெட் பற்றவைத்து,
அதை முடித்தும் விட்டான்.
"லம்பாட்லா, அக்கா."
தாமதம்தான்.
மில் தராசு ஆறுக்கு மூடும்.
மணி ஐந்து நாற்பத்திரண்டு.
அவன் முன்கதவைத் திறக்கவில்லை.
பின்னால் குலைகள்மேல் ஏறி, முள் பார்த்து உட்கார்ந்து,
கூரையை இரண்டு தட்டுத் தட்டினான்.